பென்சில் படத்தில் நிறம் தெரியாதாம்

எங்கள் வீட்டு ஹாலுக்குள் முதல்முறை வருகிறவர்கள், சுவரில் நான் வரைந்து மாட்டியிருக்கும் முகங்களைப் பார்த்துவிட்டு இரண்டே கேள்விதான் கேட்பார்கள். ஒன்று, இதெல்லாம் போட்டோவை ஜெராக்ஸ் எடுத்ததா. இன்னொன்று, கலர் அடிக்காமல் விட்டுவிட்டீர்களே, நேரம் கிடைக்கவில்லையா. முதல் கேள்வியைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். இரண்டாவதைக் கேட்கிறவர்களுக்குக் காபியில் சர்க்கரையைக் குறைத்துவிடுவேன்.

நான் ஓவியர் கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில், மற்றவர்கள் எழுதி வைத்ததில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிப்பிடிக்கிற வேலை. தப்புக் கண்டுபிடிப்பதற்கே சம்பளம். அந்தக் குணத்தை ஆபீஸிலேயே கழற்றி வைத்துவிட்டு வரக்கூடாதா என்பது என் கணவரின் நெடுநாள் கோரிக்கை. சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். கல்யாணத்துக்கு அப்புறம் மேனாம்பேட்டில் ஒரு ஃப்ளாட்டின் மாடியில் வந்து ஒட்டிக்கொண்டோம். விடுமுறை நாட்களில் பொழுது போகாமல் இணையத்தில் வீடியோ பார்த்துப் பார்த்துத்தான் வரையக் கற்றுக்கொண்டேன். எங்கோ பனி கொட்டுகிற ஊரில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாடிக்காரர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். இப்படி ஒருத்தி இருப்பதே பாவம் அவருக்குத் தெரியாது.

விரலால் தேய்த்து நிழல் போடாதே, எண்ணெய் படியும் என்று தாடிக்காரர் படித்துப் படித்துச் சொல்வார். நான் கேட்டால்தானே. விரலால் தேய்ப்பேன், அதே விரலால் மூக்கைச் சொறிவேன், ஃப்ரிட்ஜைத் திறப்பேன், கணவரின் வெள்ளை பனியனைப் பிடித்து இழுத்து "இந்தக் கண்ணு சரியா இருக்கா பாருங்க" என்பேன். ஞாயிறு சாயங்காலம் ஆனால் வீட்டில் எங்கே பார்த்தாலும் என் கைரேகை இருக்கும். திருடன் வந்தால் போலீஸ் என்னைத்தான் பிடிக்கும் என்பார் அவர்.

எங்களுக்கு நேர் கீழே குடியிருப்பவர் ஓர் அக்கா. அம்பத்தூரிலேயே பிறந்து அம்பத்தூரிலேயே வாழ்க்கைப்பட்டவர். ஞாயிறு காலை சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு வரும் வழியிலேயே மீன் வாங்கி, குழம்பு வைத்து, ஒரு தூக்கில் எங்களுக்கும் எடுத்துக்கொண்டு மாடியேறி வருவார். நாங்களும் மீன் குழம்பு தின்று வளர்ந்தவர்கள்தான். ஆனாலும் அந்த அக்காவின் வஞ்சிரக் குழம்புக்கு முன்னால் எங்கள் ஊர்க் குழம்பெல்லாம் சும்மா. இதை என் அம்மாவிடம் யாரும் போய்ச் சொல்லிவிட வேண்டாம்.

ஒரு ஞாயிறு அக்கா தூக்கை மேடையில் வைத்துவிட்டு உடனே கிளம்பாமல் சுவரிலிருந்த முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கமாகப் பார்க்கமாட்டார். எங்கள் அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன், காய்கறி வண்டிக்கார அம்மா, என் கணவர், என் ஆபீஸ் தோழி என்று வரிசையாகத் தொங்கினார்கள். எல்லோரையும் பார்த்து முடித்துவிட்டு, என் மகளை இதே மாதிரி ஒரு படம் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பவேண்டுமாம்.

எனக்கு ஒரு பக்கம் தலைகால் புரியவில்லை. என்னிடம் ஒருவர் தானாக வந்து படம் கேட்பது அதுதான் முதல்முறை. இன்னொரு பக்கம் குழப்பம். கையில் இருக்கிற போனில் எடுத்து அனுப்பினால் ஒரு நிமிஷத்தில் போய்ச் சேரும் காலத்தில், பெண் பார்க்கிறவர்களுக்கு எதற்குப் பென்சில் படம். கேட்டேவிட்டேன். அக்கா குரலைத் தணித்துக்கொண்டார்.

"போட்டோன்னா கலரு தெரிஞ்சிடுதும்மா. பென்சில்ல இன்னா தெரியப்போது? கருப்பு வெள்ளதான, எல்லாரும் ஒரே மாதிரிதான் கீறாங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்று தைக்கவும் செய்தது. நானும் கருப்புதான். கல்யாண மார்க்கெட்டில் கருப்பு என்று ஒரு நிறமே கிடையாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எல்லோரும் மாநிறம். அதற்கும் மேலே போனால் கோதுமை நிறம். எங்கள் கரிசல் பூமியில் கோதுமையே விளையாது, ஆனாலும் பெண்பிள்ளைகள் அத்தனை பேரும் கோதுமை நிறம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு ஒரு பெரியம்மா, "கருப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்றார். அந்த "இருந்தாலும்" இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. அந்தப் பெரியம்மா வீட்டு விசேஷத்துக்கெல்லாம் நான் போகிறதே கிடையாது.

ஆனாலும் அக்காவிடம் நான் இதையெல்லாம் சொல்லவில்லை. குழம்பு சூடாக இருந்தது. வரைகிறேன் என்று தலையாட்டிவிட்டேன்.

மகள் சனிக்கிழமை மத்தியானம் வந்தாள். ஆவடியில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்க்கிறாள். வேண்டாவெறுப்பாக வந்திருக்கிறாள் என்பது செருப்பைக் கழற்றிய விதத்திலேயே தெரிந்தது. உள்ளே வந்ததும் "எங்க உக்காரட்டும் ஆன்ட்டி" என்றாள். எனக்குக் கோபம் ஏறியது. அக்கா என்று கூப்பிடு என்றேன். உங்கள் அம்மாவையே நான் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன் என்று வேறு வாயை விட்டேன். அப்படியானால் எங்கம்மாவுக்கு நான் தங்கச்சியா என்று திருப்பிக் கேட்டாள். நாற்காலியைக் காட்டினேன்.

பால்கனிக் கதவைத் திறந்துவைத்து, வெளிச்சம் ஒரு பக்கமாக விழுகிற மாதிரி அவளை உட்காரவைத்தேன். அசையக்கூடாது என்று சொல்ல நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு விறைத்துவிட்டாள். நாள் முழுக்க ஆட்களை மூச்சைப் பிடிக்கச் சொல்கிறவள் இல்லையா. இது அந்தப் படம் இல்லை தாயே, மூச்சு விட்டுக்கோ என்றேன். அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தாள்.

நல்ல முகம் அது. அகலமான நெற்றி, தேங்காயெண்ணெய்க்கும் அடங்காமல் காதோரம் சுருண்டு நிற்கும் குட்டி முடி, மேலுதட்டுக்கு மேலே ஒரு மச்சம். தாடிக்காரர் சொல்லித்தந்த மாதிரியே செய்தேன். கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே இன்னொரு கண் அளவுக்கு இடம் விட்டேன். மூக்கைக் கோடாகப் போடாமல் நிழலாகப் போட்டேன். போனில் சில படங்களும் எடுத்துக்கொண்டு, அவளை அனுப்பிவிட்டு, மறுநாள் முழுக்க உட்கார்ந்து முடித்தேன். அச்சு அசலாக இருந்தது. அந்தக் குட்டி முடியெல்லாம் ஊதினால் ஆடும் போல இருந்தது. என் தோளை நானே தட்டிக்கொள்ளாத குறை.

அக்கா வந்து பார்த்தார். கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். சோக்கா கீறா எம் பொண்ணு, சோக்கா கீறா என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். இத்த அன்னிக்கே பண்ணிருந்தா அந்த ஸ்டூடியோக்காரனுக்குக் குடுத்த துட்டு மிச்சம் என்றும் சொன்னார். அவர் பின்னாலேயே வந்த மகள் படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"நல்லாருக்கு ஆன்ட்டி. மூக்கு என்னுதுதான். மச்சம்கூட என்னுதுதான். ஆனா ஆளு யாருன்னு தெர்ல."

ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக் கெடுத்து வரைந்தவளிடம் சொல்கிற பேச்சா இது. எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. என்ன தப்பு என்று சொல், நிழல் எங்கே குறைந்தது என்று காட்டு என்று அவளை மடக்கினேன். நெழலெல்லாம் இருக்கு, கலரு எங்க என்று அவள் கேட்டாள். அதோடு விட்டாளா. நேராகச் சுவரிடம் போனாள். வாட்ச்மேன் படத்துக்கு முன்னால் நின்று, இந்த அண்ணன் எப்போ வெளிநாட்டில் செட்டில் ஆனார் என்று கேட்டாள். காய்கறி அம்மாவைப் பார்த்தாள், என் கணவரைப் பார்த்தாள், திரும்பி என்னைப் பார்த்தாள். அக்கா அவள் முதுகில் ஒரு அடி வைத்து, பெரியவங்களாண்ட இன்னா பேச்சு இது என்று இழுத்துக்கொண்டு போனார்.

அவர்கள் போன பிறகும் எனக்கு அடங்கவில்லை. எக்ஸ்ரே எடுக்கிறவளுக்கு என்ன தெரியும் என்று கணவரிடம் பொருமினேன். அவர் சுவரிலிருந்த தன் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். நான் கருப்பு என்றால் அவர் என்னைவிட ஒரு படி மேலே. படத்தில் இருந்தவரோ உரித்த முட்டை மாதிரி இருந்தார். "இத ஏன் இத்தன நாளா சொல்லல?" என்று கேட்டேன். "நல்லாத்தான இருக்கேன்னு விட்டுட்டேன்" என்றார்.

பென்சில் டப்பாவைத் திறந்து பார்த்தேன். எச்பி, டூபி எல்லாம் விரலில் பிடிக்க முடியாத அளவுக்குக் கட்டையாகத் தேய்ந்து கிடந்தன. இருக்கிறதிலேயே கருப்பாக விழுகிற எய்ட்பி மட்டும் வாங்கிய உயரத்துக்கே நின்றது. தலைமுடிக்கும் கண்மணிக்கும் தவிர அதை நான் தொட்டதே இல்லை. பனி கொட்டுகிற ஊர்க்காரர் தன் ஊர் ஆட்களை வரைகிறார். தோலுக்குத் தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவிடு என்று சொல்கிறார். நானும் சமர்த்தாகக் கேட்டுக்கொண்டு, மேனாம்பேட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் தாளின் வெள்ளையை விட்டு வைத்திருக்கிறேன். பென்சில் படத்தில் நிறம் தெரியாது என்று அக்கா சொன்னபோது மனசுக்குள் சிரித்தேனே, என் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் அவர் அதைச் சொல்லியிருக்கிறார். எனக்கு என் மேலேயே கடுப்பாக வந்தது.

மறுநாள் மகள் வேலை முடிந்து வரும்போது மாடிப்படியில் பிடித்துக்கொண்டேன். சண்டைக்குத்தான் வருகிறேன் என்று நினைத்தவள், வரைந்தது தப்புதான், ஆனால் உங்கம்மாவுக்கு அதுதானே பிடித்திருக்கிறது, உனக்கு என்ன அவ்வளவு வருத்தம் என்று நான் கேட்டதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். இதற்கு முன்னால் வந்த ஒரு வரனைப் பற்றிச் சொன்னாள். ஸ்டூடியோவில் எடுத்த படத்தை அனுப்பியிருக்கிறார்கள். ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் முகத்தை வெளுத்துவிட்டார், கழுத்தை மறந்துவிட்டார். அதையும் பார்த்துப் பிடித்துப்போய்த்தான் அந்த வீட்டுக்காரர்கள் கிளம்பி வந்திருக்கிறார்கள். இவள் காபித் தட்டோடு ஹாலுக்கு வந்து நின்றாள்.

"அந்தம்மா என்னப் பாத்தாங்க ஆன்ட்டி. அப்பறம் எனக்குப் பின்னாடி பாத்தாங்க. இன்னொரு பொண்ணு வருவான்னு வாசக்காலையே பாத்துகினு இருந்தாங்க."

அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கத்தான் செய்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணம் ஆகாவிட்டால்கூடப் பரவாயில்லை, அந்தப் பார்வையை இன்னொரு தடவை தன்னால் பார்க்க முடியாது என்றாள். இப்போது கேட்டிருப்பது நெமிலிச்சேரிக்காரர்கள். பையன் ரயில்வேயில் வேலை. அவள் அம்மா கையில் நான் போட்ட பென்சில் படம் இருக்கிறது. அது போய்ச் சேர்ந்தால் அவர்களும் அந்த வெள்ளைக்காரியைத் தேடிக்கொண்டுதான் வருவார்கள். நான் எப்படி இருக்கிறேனோ அப்படியே போட்டுத் தாங்க என்று கேட்டாள்.

போடத் தெரியவேண்டுமே. அதுதானே என் பாடு. எய்ட்பியை எடுத்துக் கன்னத்தில் அழுத்தினேன். அழுத்த அழுத்தப் பென்சில் கருக்காமல் எவர்சில்வர் பாத்திரம் போலப் பளபளத்தது. வெளிச்சம் பட வேண்டிய இடம் எல்லாம் மங்கி, படக்கூடாத இடம் மின்னியது. கிழித்துப் போட்டேன். இன்னொன்று போட்டேன், கன்னத்தில் அடிபட்டு வீங்கியவள் மாதிரி வந்தது. அதையும் கிழித்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உப்புமா கிண்டினேன். கணவர் வாயைத் திறக்காமல் சாப்பிட்டார். என் முகம் அப்படி இருந்திருக்கவேண்டும்.

அப்புறம் பென்சிலை ஓரமாக வைத்துவிட்டு, எப்போதோ வாங்கி, அப்பிக்கொள்ளும் என்று பயந்து மூலையில் போட்டிருந்த சார்கோலை எடுத்தேன். நம் ஊர்ப் பாஷையில் கரிதான், குச்சி குச்சியாக இருக்கும். வெள்ளைத் தாளில் கருப்பை எங்கே வைப்பது என்று தடவிக்கொண்டிருந்ததால்தானே இத்தனை தொல்லை. தாள் முழுக்கக் கரியைப் பூசி, கணவரின் பழைய பனியன் ஒன்றால் தேய்த்து எடுத்தேன். ஒரு இடம் பாக்கியில்லாமல் கருப்பு. அதன்மேல் முகத்தைக் கோடிழுத்துக்கொண்டு, சப்பாத்தி மாவு மாதிரிப் பிசைய வருகிற ஒரு ரப்பர் இருக்கிறது, அதைக் கூராக உருட்டி, வெளிச்சம் எங்கெங்கே விழுந்ததோ அங்கே மட்டும் ஒற்றி ஒற்றிக் கரியை எடுக்க ஆரம்பித்தேன்.

எனக்கே நம்ப முடியவில்லை. நெற்றியில் ஒரு ஒற்று, நெற்றி முன்னால் வந்தது. கன்னத்து மேட்டில் ஒன்று, மூக்கு நுனியில் ஒன்று, கீழுதட்டு நடுவில் பொட்டுப்போல ஒன்று. கழுத்தெலும்புக் குழிக்கு மேலே ஒரு சின்ன இழுப்பு. வெளுத்த முகத்தில் எங்கு பார்த்தாலும் வெளிச்சமாக இருக்கும், எது முக்கியம் என்று தெரியாது. இங்கே ஒவ்வொரு வெளிச்சமும் எனக்கு எண்ணிக் கொடுத்த மாதிரி இருந்தது. கண்ணின் வெள்ளையை எடுத்தபோது அவள் என்னைப் பார்த்தாள். வாய்விட்டு "வந்துட்டாடி" என்றேன். உள்ளேயிருந்து கணவர் யார் வந்தது என்று கேட்டார்.

கரி உதிராமல் இருக்க மேலே எதையாவது தெளிக்கவேண்டும். அதற்கென்று விற்கிற மருந்து என்னிடம் இல்லை. தலைமுடிக்கு அடிக்கிற ஸ்ப்ரேயை அடித்தேன். வீடே கல்யாண மண்டபத்து மணமகள் அறை மாதிரி மணந்தது. கணவர் தும்மித் தள்ளினார்.

மகள் வந்து பார்த்தாள். நகர்ந்து போய்ப் பால்கனி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். எனக்கோ ரிசல்ட் வருகிற அன்றைக்குப் பள்ளிக்கூடத்து வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது.

"இவதான் ஆன்ட்டி. தெனம் காலைல கண்ணாடில பாக்குறனே, இவதான்" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். அப்புறம் தன் போனில் படத்தை நேராகப் பிடித்து ஒரு போட்டோ எடுத்தாள். எதற்கு என்று கேட்பதற்குள், அப்பா போனில் இருந்து வாங்கி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டு நம்பருக்கு அதை அனுப்பிவிட்டாள். கீழே ஒரு வரி, பொண்ணு இதுதான், நேரில் இதைவிட வெளுப்பாக இருக்கமாட்டேன் என்று.

இதை முதலில் அம்மாவிடம் கேட்டிருக்க வேண்டாமா என்று நான் பதறினேன். கேட்டால் விடமாட்டார்கள் என்றாள். அது உண்மைதான்.

விஷயம் தெரிந்து அக்கா மாடியேறி வந்த சத்தமே வேறு மாதிரி இருந்தது. தூக்கு இல்லை. கதவைத் தட்டவும் இல்லை. ஹாலில் மேசைமேல் கிடந்த கரிப் படத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னை ஏறிட்டார்.

"உன்ன நம்பித்தான வந்தேன். அவ சின்னப் பொண்ணு, தெரியாம கேப்பா. நீ கல்யாணம் ஆனவதான, உனக்குத் தெரியாதா? நான் பட்டதெல்லாம் எம் பொண்ணும் படணுமா?"

கோபமாகத்தான் ஆரம்பித்தார். கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. என்ன பட்டீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. படம் நன்றாக வந்திருக்கிறதே அக்கா என்று எதையோ உளறினேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அவர் வருத்தம் நியாயம் என்றுதான் எனக்குப் பட்டது. மகள் கேட்டதும் நியாயம். நடுவில் நான், கை நிறையக் கரியோடு.

அந்த ஞாயிறு மீன் குழம்பு வரவில்லை. கீழே தாளிக்கிற வாசம் மட்டும் மேலே வந்தது. என் கணவர் பால்கனியில் நின்று அந்த வாசத்தை மோந்துகொண்டே, இந்தக் கலைச் சேவையெல்லாம் நமக்குத் தேவையா என்று கேட்டார். படியில் எதிரில் வந்தால் அக்கா செடியைப் பார்ப்பார், நான் மோட்டார் ரூமைப் பார்ப்பேன். நெமிலிச்சேரியிலிருந்தும் ஒரு பதிலும் இல்லை. படத்தைப் பார்த்துவிட்டார்கள் என்று மட்டும் போன் காட்டியது. ஆபீஸில் உட்கார்ந்து அடுத்தவன் ஓட்டைகளைத் தேடும்போதெல்லாம், ஒரு பெண்ணின் வாழ்க்கையில் புகுந்து நாம் ஓட்டை போட்டுவிட்டோமோ என்று எனக்குத் திக்திக்கென்று இருந்தது.

ஒரு சாயங்காலம் மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தாள். போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். மாப்பிள்ளைப் பையன் தானே பதில் அனுப்பியிருந்தான். பதில் என்றால் ஒரு போட்டோ. இதற்கு முன்னால் அவன் வீட்டிலிருந்து வந்திருந்த படத்தை அவள் பக்கத்தில் காட்டினாள். முதல் படத்தில் பவுடர் டப்பாவுக்குள் முக்கி எடுத்த முகம், ரோஸ் உதடு. இந்தப் படத்தில் நெமிலிச்சேரி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில், நெற்றி வியர்வை மின்ன, நல்ல கருப்பாக ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். கீழே, நான்தான் இது, போன தடவை அனுப்பியது எங்கள் அத்தை போனில் எடுத்தது, மன்னிக்கவும் என்று எழுதியிருந்தான். நாங்கள் இரண்டு பேரும் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் இரண்டாவது படத்தைத் தனியாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். வெளிச்சம் நல்லா விழுந்துருக்கு இல்ல ஆன்ட்டி என்றாள். விழுந்தது வெளிச்சம் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

அவர்கள் பெண் பார்க்க வந்த அன்றைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அக்கா நேரடியாகக் கூப்பிடவில்லை, மகளை விட்டுச் சொல்லச் சொன்னார். நான் வடை சுட உதவுகிற சாக்கில் அடுக்களையில் நின்றேன். மகள் காபியோடு ஹாலுக்குப் போனபோது அக்கா என் பக்கத்தில் அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மகளையும் பார்க்கவில்லை, பையனையும் பார்க்கவில்லை. பையனின் அம்மா கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா காபியை எடுத்துக்கொண்டு, படத்துல பாத்த மாதிரியே இருக்கியே, வா இப்படி உக்காரு என்று சோபாவில் இடம் ஒதுக்கினார். பெண் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அக்கா பிடித்திருந்த கதவை அப்போதுதான் விட்டார். வடை ஒரு ஈடு கருகிப்போனது. யாரும் கவனிக்கவில்லை.

பேச்சு நல்லபடியாக முடிந்தது. கோயிலில் ஓலை வாசிக்க, அதாவது கல்யாணத்தை எல்லோருக்கும் அறிவிக்க, ஃபாதரிடம் சொல்லியாயிற்று. அந்த வார ஞாயிறு, பூசை முடிந்து கொஞ்ச நேரத்தில் தூக்கு மாடியேறி வந்தது. வஞ்சிரம். என் கணவர் கதவைத் திறந்துவிட்டு அக்காவை வரவேற்ற மாதிரி தன் மாமியாரைக்கூட வரவேற்றது கிடையாது.

அக்கா உட்கார்ந்தார். நடந்ததைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் மகள் நெமிலிச்சேரிக்குப் போய்விடுவாள், அவள் வீட்டில் மாட்டிவைக்கத் தன்னையும் ஒரு படம் போட்டுத் தரமுடியுமா என்று கேட்டார். ஒருமுறை சூடு கண்ட பூனை நான். பென்சிலிலா கரியிலா, எந்த மாதிரி வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள் அக்கா என்றேன்.

அவர் மேசையில் கிடந்த கரிக்குச்சியை எடுத்து விரலில் வைத்து உருட்டினார்.

"எம் மாமியா என்னிய ஒருவாட்டிகூடப் பேர் சொல்லிக் கூப்ட்டதில்ல. கரிக்கட்டன்னுதான் கூப்டும். ஊட்டுக்கு ஆளு வந்துகீறப்பகூட, ஏ கரிக்கட்ட, தண்ணி எடுத்துகினு வான்னுதான் சொல்லும். சாவுற வரிக்கும் அதான் எம் பேரு."

சொல்லிவிட்டு அந்தக் குச்சியால் தன் புறங்கையில் மணிக்கட்டிலிருந்து விரல் வரைக்கும் ஒரு கோடு இழுத்தார். கோடு கன்னங்கரேலென்று தனியாக நின்றது. அதன் இரண்டு பக்கமும் அவர் கை பழுப்பாக, கொஞ்சம் செம்மையாக, நரம்பு ஓடுகிற இடத்தில் பச்சையாக இருந்தது. கையை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய் வெயிலில் நீட்டிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அந்தக் கையை என்னிடம் கொண்டுவந்து காட்டினார்.

"கோடு தெரியுதாம்மா?"

நல்லாத் தெரியுதுக்கா என்றேன்.

"பொய் சொல்லிகினு இருந்துதும்மா அந்தப் பொம்பள" என்றார் அக்கா. "நானும் இத்தினி வருசமா நம்பிகினு இருந்துட்டேன்."